அத்தை சுரண்டிய ஸ்டிக்கர்

இன்று மயிலாடுதுறையில் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். அத்தை கேட்டதால் நானே கேக் செய்து, தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன்.

அத்தை வாசலிலேயே பெட்டியை வாங்கி, என் பெயர் போட்ட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார்.

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டா பேங்க்ல வேலைன்னு சொல்லு. வேலைய விட்டுட்டு கேக் சுடுறேன்னு சொல்லித் தொலைக்காத. மானம் போயிடும்."

நான் வேலையை விட்டது போன வருஷம். அத்தைக்கு மட்டும் இன்னும் பேங்க் ஆபீசர்.

வாயைத் திறந்தால் நிச்சயதார்த்தமே நின்றுவிடும் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

சீர்த்தட்டுகளுக்கு நடுவில் கேக்கை வைத்து வெட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினார்.

"எந்தக் கடைங்க இது?"

"தஞ்சாவூர்ல பெரிய கடைங்க" என்றார் அத்தை, என் பக்கம் திரும்பாமலே.

"அப்ப கல்யாணத்துக்கும் அங்கயே சொல்லிடுங்க. மூணு அடுக்கா இருக்கட்டும்."

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் பஸ் இன்னும் கும்பகோணம்கூடத் தாண்டவில்லை. அத்தை விடாமல் போன் அடிக்கிறார்.

நீங்களே சொல்லுங்கள், பேங்க்கில் கேக் ஆர்டர் எடுப்பார்களா?