போகும் வரை உடையாத அணை

நவம்பர் பிறந்ததும் என் காலை நடைக்குத் தடை வந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டிஸ்பென்சரி டாக்டர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, இந்தக் காற்றில் நடப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து பீடி குடிக்கலாம் என்றார். ஜன்னலுக்கு வெளியே, நச்சுப் புகையில், எதிர்க் கட்டடம் இல்லை. மூன்றாம் மாடியில் யாரோ காயப்போட்ட சிவப்புப் போர்வை மட்டும் எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் தொங்கியது.

அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்புகளோடு குப்பை கொட்டிவிட்டு, தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, துவாரகாவில் ஒரு ஃபிளாட்டில் மனைவியோடு ஒதுங்கியவன் நான். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எதற்குக் கெஜட்டட் கையெழுத்து, எதற்குச் சொந்தக் கையெழுத்தே போதும் என்பதெல்லாம் மனப்பாடம். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் பென்ஷன் வாங்குகிற யாரும் என்னிடம் காட்டாமல் ஒரு காகிதத்தையும் கவுண்டரில் நீட்டமாட்டார்கள். சொல்லிக்கொள்ள வேறு திறமை எனக்குக் கிடையாது.

நடை நின்ற செய்தியைக் கேட்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்த மகள் போன் செய்தாள். அவளுடைய கேம் பெட்டி டி.வி.க்குக் கீழே தூசி படிந்து கிடந்தது.

"வெளிய நடக்க முடியலேன்னா உள்ள நடங்கப்பா. ஓபன் வேர்ல்ட் கேம். எவ்ளோ தூரம் வேணாலும் போகலாம். பொல்யூஷனே கிடையாது, பக்கா."

அவள் சொன்னது உண்மைதான். மலை, காடு, கோதுமை வயல், ஏரி. குதிரைகூடக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சும்மா நடந்தேன். மூன்றாம் நாள் ஏதோ ஒரு பொத்தானைத் தவறி அழுத்தியதில் அந்த நாட்டின் வரைபடம் திறந்துகொண்டது.

முழுக்கக் கறுப்பு. நான் நடந்த இடம் மட்டும் ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெளுத்திருந்தது. அந்தத் தீப்பெட்டிக்குள்ளேயே பதினேழு கேள்விக்குறிகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வேலையோடு காத்திருந்தார். படத்தைச் சுருக்கினேன். இன்னும் சுருங்கியது. மறுபடியும் சுருக்கினேன். தீப்பெட்டி எள்ளாயிற்று, சுற்றிலும் கறுப்பு அகன்றுகொண்டே போனது. செக்ஷன் ஆபீசராகப் பொறுப்பேற்ற அன்று, எனக்கு முன்னால் இருந்தவர் அலமாரியைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியேறியபோது உள்ளே தெரிந்ததும் இப்படி ஒரு கறுப்புதான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. அலமாரிக்கு அடித்தட்டு என்று ஒன்று இருக்கும் என்று நம்பினேன்.

அலமாரியைச் சமாளித்த வழியிலேயே இதையும் சமாளிக்க முடிவு செய்தேன். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வரிசை எண், தேதி, யாரிடமிருந்து, பொருள், எடுத்த நடவடிக்கை என்று கட்டம் கட்டினேன். ஆடு தொலைத்தவள். கிணற்றில் மோதிரம் போட்டவன். தேன்கூட்டை அகற்றக் கோரும் பாதிரி. முதலில் வந்தது முதலில் தீரும். அதுதான் ஒழுங்கு. ஆனால் ஆட்டைப் பிடித்துக் கொடுத்தால் அவள் கொழுந்தன் வந்து வேலி பிரச்சினையைச் சொன்னான். வேலிக்குப் போன வழியில் ஒரு குகை. குகைக்குள் ஒரு கடிதம், வேறு யாருக்கோ எழுதியது. ஒன்று தீர்ந்தால் மூன்று பதிவாயின. இரண்டு வாரத்தில் நோட்டில் எண்பதைத் தாண்டிவிட்டேன். வரைபடத்தில் இரண்டு தீப்பெட்டிகள்.

இதற்கெல்லாம் மேல், முக்கியமான வேலை என்று ஒன்று தொடக்கத்திலேயே கொடுத்திருந்தார்கள். வடக்கே ஒரு பெரிய அணை விரிசல் விட்டிருக்கிறது. கீழே ஒரு கிராமம். கையில் விளக்கோடு ஒரு கிழவி வழியில் நிற்கிறாள். "நேரமில்லை மகனே, மதகைத் திறக்க வா" என்று கதறுகிறாள். எழுபதை நெருங்குகிறவனை மகனே என்று கூப்பிட்டது ஒன்றுதான் அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை. அவளைச் சிவப்பு மையில் பதிவு செய்தேன். ஆனால் நோட்டில் அவளுக்கு முன்னால் ஆடு வந்திருந்தது; வேலி, குகை எல்லாம் ஆட்டுக் கோப்பின் தொடர்ச்சி.

பதினைந்து நாள் கழித்து மனம் உறுத்தி மகளிடம் கேட்டேன். "அந்த அணை இன்னும் உடையலையே, ஏதும் கோளாறா?"

சிரித்தாள். "அர்ரே அப்பா, நீங்க போற வரைக்கும் உடையாது. ஒரு வருஷம் கழிச்சுப் போனாலும் அந்த ஆன்ட்டி அங்கேயேதான் நிப்பாங்க. டென்ஷனே வேண்டாம்."

எனக்கு அது புதிதாகப் படவில்லை. 'உடனடி' என்று அச்சடித்த சிவப்புச் சீட்டைக் கட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்த கோப்புகள் எத்தனையோ. பாதி மறுநாள் அணை உடையும் என்றே சொல்லும். மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் அணை அப்படியே இருக்கும். அந்தச் சீட்டுக்கு, அதைக் கட்டியவன் பயந்தவன் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

நான் அந்த நாட்டுக்குள் இறங்கிய அதே வாரம்தான் மனைவிக்குக் கண்ணாடி மாற்றக் கூட்டிப் போயிருந்தேன். டாக்டரம்மா கண்ணுக்குள் அழுத்தம் அதிகம் என்றார். சொட்டு மருந்து எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்வை எவ்வளவு அகலம் என்று அளக்கிற ஃபீல்ட் டெஸ்ட் எடுக்கவேண்டும் என்று ரெஃபரல் சீட்டு கொடுத்தார். சீட்டின் மேலே 'அர்ஜென்ட்' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்தேன். பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சீட்டை அட்டையில் கோத்து, மேலே பெயர் எழுதி, அலமாரியில் வைத்தேன். டிசம்பரில் எனக்கு இருதய எக்கோ எடுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் முடித்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

பிற்பகல்களில் அவள் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். குளிர்காலத்தில் தில்லியில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார்கள். நான் ஓட்டும் குதிரைக்கு அவள் விமர்சகி. "ஆபீசுல ஃபைல தேடுனிய, இப்ப ஆட்டத் தேடுதிய. ரிட்டையர் ஆனதே தெரியல" என்பாள். எழுந்த பிறகு பார்த்தால் கிண்ணத்துக்கு இடது பக்கம் சோபாவில் ஒரு கைப்பிடி பட்டாணி கிடக்கும்.

"சோபா சரிஞ்சிருக்கு" என்றாள்.

கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். ஃபிளாட்டைக் கட்டியவனைத் திட்டினாள். தட்டின் இடது ஓரத்தில் ஏற்கனவே வைத்திருந்த ஊறுகாயை மறுபடியும் கேட்டு வாங்கினாள்; தட்டில் இரண்டு ஊறுகாய் இருந்தன. நான் கவனித்தேன். குறை சொல்வதற்கு அல்லாமல் வேறெதற்கும் கவனிக்கவில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு நாள். நோட்டில் நூற்று நாற்பத்து மூன்றாவது வேலை. ஒரே மலையை நாலு தரம் சுற்றிவிட்டேன்.

"வழி தெரியாமத்தான சுத்துதிய. கேமு செஞ்சவன் ஒரு மேப்பு வச்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

"இடது மூலைல இருக்கே."

"எங்க?"

"அதோ, கீழ. வட்டமா, தட்டு மாதிரி."

அவள் கண்ணைத் திருப்பவில்லை. கோழியைப் போலத் தலையையே திருப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி. "அட, இது எப்ப வந்துச்சு?"

"முத நாள்லேருந்து இருக்கு."

அவள் சிரித்தாள். "ஒரு மாசமா உங்க கூடத்தான இருக்கேன், நான் பாக்கவே இல்லையே!"

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். திரையில் குதிரை தானாகப் புல் மேய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிரு என்று அவளிடம் சொல்லிவிட்டு, என் கையை அவள் இடது காதுக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தேன். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. விரலை ஆட்டினேன். குதிரை அழகாக இருக்கிறது என்றாள். கை ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "கைய எதுக்கு நீட்டுதிய?" என்று கேட்டாள்.

அட்டையை எடுத்தேன். சீட்டு ஒரு மாதம்தான் செல்லும். காலாவதியாகி ஒன்பது நாள்.

மறுநாள் காலை அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் தேதியை மட்டும் பார்த்தாள். "அங்கிள்ஜி, டேட் நிகல் கயீ. நயா பன்வாகே லாயியே." தேதி போய்விட்டதாம், புதுச் சீட்டு எழுதி வாங்கிவர வேண்டுமாம்.

அவசரம் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள் என்று காட்டினேன். அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். நான் பார்த்த மாதிரியே பார்த்தாள்.

"ரூல் ஹை, அங்கிள்."

சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கவுண்டருக்கு மறுபக்கம் உட்கார்ந்து அதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

திரும்பும்போது மெட்ரோவில் மனைவி சொன்னாள்: "நானே ஞாபகப்படுத்தணும்னு நெனச்சேன். உங்க நோட்டுல எழுதி வச்சிருப்பியன்னு விட்டுட்டேன். பொழுதன்னைக்கும் அதுலதான எழுதுதிய."

வீட்டுக்கு வந்து, இல்லை என்று தெரிந்தும் நோட்டைப் புரட்டினேன். ஆடு இருந்தது. தேன்கூடு இருந்தது. அடைப்புக்குள் 'முடிந்தது' என்று நூற்றுப் பத்து இடத்தில் என் கையெழுத்து இருந்தது.

புதுச் சீட்டு வாங்கி, சோதனைக்கு நாள் கிடைக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நான் டி.வி.யைத் தொடவில்லை. அவள் அறைக்கு அறை போகும்போதெல்லாம் இடது பக்கம் நடந்தேன். அது அவளுக்குத் தெரியாது. நான் நடந்த பக்கம் அப்படி.

சோதனை ஓர் இருட்டறையில். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, அவள் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவிலேயே பார்க்கவேண்டும். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் அழுத்தவேண்டும். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சரியாக மூடவில்லை. பொத்தானின் சத்தம் கேட்டது. டிக். டிக். அப்புறம் ஒன்றுமில்லை. டிக். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. உள்ளே புள்ளிகள் வந்துகொண்டுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எந்திரம் யாருக்காகவும் நிற்பதில்லை. அந்த மௌனத்தில் நான் என் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்தினேன்.

டாக்டர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம். விளக்கம் தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட படத்தை ஒன்றரை மாதம் தினமும் பார்த்திருக்கிறேன். அங்கே கறுப்பு வெளுக்கும்; இது எதிர்த்திசையில் போகிறது, அவ்வளவுதான். இடது பக்கம் முழுக்கக் கறுப்பு. மேலே இருந்தும் இறங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கமும் சாம்பலாகிவிட்டிருந்தது.

"ஜோ கயா ஸோ கயா" என்றார் டாக்டர். "ஜோ பசா ஹை, உஸே பசாயேங்கே." போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு விதச் சொட்டு மருந்து, அதன்பிறகு அறுவை சிகிச்சை. ஜனவரியில் தேதி கொடுத்தார்கள். அதை நோட்டில் எழுதவில்லை. சுவரில் எழுதினேன்.

அன்று மாலை நாலு மணிக்கே வெளியே புகை இறங்கி இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்க் கட்டடம் போய்விட்டது. மனைவி சாப்பாட்டு நாற்காலி ஒன்றை இழுத்துவந்து டி.வி.க்கு நேர் எதிரே, மிக நெருக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த அணைக்குப் போனியளா?"

"இல்ல."

"போங்க."

"போனா உடைஞ்சிரும்."

"உடைஞ்சா உடையட்டும். நான் பாக்கணும். ஒங்க ஆடு மாடெல்லாம் பாத்தாச்சு."

குதிரையை வடக்கே விட்டேன். வழி நெடுகக் கேள்விக்குறிகள். யாரோ கூப்பிட்டார்கள், யாரோ அழுதார்கள். நிற்கவில்லை. மலை இறங்கியதும் நீர் இரைச்சல் கேட்டது. பெரிய கற்சுவர், அதன் மேல் கறுத்த வானம்.

"நேரமில்லை மகனே" என்றது குரல்.

"கிழவி சத்தம் கேக்கு, ஆளக் காணலயே" என்றாள் மனைவி.

கிழவி திரையின் இடது ஓரத்தில் விளக்கோடு நின்றாள். வலது கட்டைவிரலால் குமிழை மெதுவாகத் தள்ளினேன். மலையும் சுவரும் வலது பக்கமாக நகர்ந்தன. விளக்கு நடுவை நோக்கி வந்தது.

"இப்ப?"

"இல்ல."

இன்னும் தள்ளினேன்.

"ஆங், நிக்கா. கையில வெளக்கு வச்சிருக்கா. பாவம், எம்புட்டு நாளா நிக்காளோ."

அணை இப்போது திரையின் வலது ஓரத்துக்குப் போயிருந்தது. உச்சியிலிருந்து அடிவரை விரிசல் கோடு விழுந்து, நீர் பீறிட்டது.

"என்ன சத்தம் அது?" என்றாள் அவள், விளக்கையே பார்த்துக்கொண்டு.