வேனில் ஏறாத நர்ஸ்

பிரேமலதாவுக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, பக்கத்திலேயே ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த நர்ஸ் வேலை. எட்டு வருடமாகத் தற்காலிகம். அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி, பிறந்த மகள் ஸ்கூலுக்கும் போகத் தொடங்கிவிட்டாள்.

நிரந்தர வேலை தராத அரசாங்கம், ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருக்கும் வரத்தை மட்டும் தாராளமாகத் தந்திருந்தது. ஆய்வுக் குழு வரும் நாளில் நர்ஸ்கள் காலையில் இங்கே வரிசையாக நிற்பார்கள். குழு சாப்பிடப் போனதும் ஒரு வேன் அவர்களை அள்ளிக்கொண்டு, மருங்காபுரிப் பக்கம் நர்ஸே இல்லாத ஒரு கிராமத்து மருத்துவமனையில் இறக்கிவிடும். மாலையில் அதே குழு அங்கே வந்து, இங்கேயும் ஆள் போதும் என்று மகிழ்ந்து போகும். தலையை எண்ணுவதுதான் அவர்கள் வேலை, முகத்தைப் பார்ப்பதில்லை.

போன ஆய்வன்று அவள் திரும்பி வந்தபோது, ராசப்பன் என்ற நோயாளியின் டிரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருந்தது.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேம்மா. எங்க போயிட்டீங்க?" என்றாள் அவர் மனைவி வீராயி.

பிரேமலதா அவசரமாக அந்தக் குழாயைக் கழற்றி, புதிதாக ஊசி குத்தினாள்.

அடுத்த ஆய்வுக்கு வேன் வந்தபோது அவள் ஏறவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஏறவில்லை. தலைமை மருத்துவர் தைரியராஜ் வியர்த்தபடி வார்டுக்கே வந்தார்.

"கொஞ்ச நேரந்தானம்மா. போயி நின்னுட்டு வந்துடுங்க."

"வார்டை யாரு சார் பார்ப்பாங்க?"

"போன தடவை பார்த்தவங்க பார்த்துக்குவாங்க."

"போன தடவை யாருமே பார்க்கலீங்க சார்."

"அப்போ இது ஸ்டிரைக்கா?"

"இல்லீங்க சார். வேலை பார்க்கிறோம்."

வேலை பார்த்த குற்றம் வேலைநிறுத்தம் என்றே பதிவானது. அந்தக் கிராமத்து மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர் ஒருவரை மட்டும் கண்ட குழு, இப்படியொரு பற்றாக்குறையா என்று அதிர்ந்துபோனது. அரசாங்கமும் மின்னல் வேகத்தில் அதைத் தீர்த்தது: தண்டனையாகப் பிரேமலதாவை அங்கேயே மாற்றியது. கூடுதல் பணியிடங்கள் நிதி வந்ததும் பரிசீலிக்கப்படுமாம். அவள் விட்டு வந்த வார்டை, அங்கே அவளோடு இருந்த நர்ஸ் டோரதி இப்போது தனியாகப் பார்க்கிறாள்.

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து வந்தவளை, வாசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இருப்பீங்களா, இல்ல ஆபீசருங்க வந்து எண்ணிட்டுப் போனதும் போயிடுவீங்களா?"

"இருப்பேம்மா. உள்ள வாங்க, பிரஷர் பார்க்கலாம்" என்றாள் பிரேமலதா.