சிவப்பணு சொன்ன சாட்சி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்து வந்தவர். தான் ஒரு சொட்டு மது தொட்டதில்லை என்பதை, யாரும் கேட்காமலே வாரம் இருமுறையாவது சொல்லிவிடுவார்.

கண்ணாடித் தகட்டில் சிவப்பணுக்கள் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தால் போதும். "ஆளு நல்லா ஏத்துறவன்மா" என்பார், பக்கத்து மேசைப் பெண்ணிடம். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்குச் சிவப்பணு பெரிதாகும், தட்டணு குறையும், கல்லீரல் நொதி ஏறும். உண்மைதான். இதற்கெல்லாம் வேறு காரணங்களும் உண்டு என்பதையும் அவர் படித்திருந்தார். அது தேர்வு எழுதிய அன்றே மறந்து போயிற்று.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மூச்சு இழுத்தது. நுரையீரலில் கிருமித்தொற்று என்று மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். அவருடைய ரத்தத்தைப் பரிசோதித்தது அதே பக்கத்து மேசைப் பெண். சிவப்பணு பெரிது. தட்டணு பாதி. நொதி மூன்று மடங்கு. அவள் இரண்டாம் தடவையும் ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மனைவி பக்கத்தில் நிற்கும்போதுதான் டாக்டர் கேட்டார்.

"தண்ணி எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"ரெண்டு லிட்டர் டாக்டர். வெயில் காலத்துல மூணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மனைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"ஐயோ, குடிக்கிற தண்ணிங்க!"

"குடிக்கிறதத்தான் கேக்குறேன்."

அவர் கோபத்தில் இருமினார். இருமியதில் பதில் போயே போச்சு. வீட்டுக்கு வந்தபின் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பீரோவின் பின்பக்கம், பரண், பழைய பெட்டி எல்லாம் திடீரென்று தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

மனைவியின் தம்பி பார்க்க வந்தான். தினமும் சாயங்காலம் மறக்காமல் குடிப்பவன். அதற்காகவே இந்த வீட்டில் பத்து வருடமாகத் திட்டு வாங்குபவன். கட்டிலோரம் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா மாமா? தனியா குடிக்கிறது உடம்புக்கு ஆகாது."

"டேய், நான் குடிக்கலடா!"

"நானும் அக்காகிட்ட அப்படித்தான் சொல்வேன்."

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனார். துணைக்கு வந்த மச்சினனும் சும்மா இருக்கிறோமே என்று கையை நீட்டினான். தொற்று அடங்கியதும் மோப்பத்தின் நொதி இறங்கியிருந்தது, தட்டணுவும் ஓரளவு ஏறியிருந்தது. சிவப்பணு மட்டும் அப்படியே பெரிதாக இருந்தது. டாக்டருக்குச் சந்தேகம் வந்து வைட்டமின் பி12 பார்த்தார். அடிமட்டத்தில் கிடந்தது. மோப்பத்தின் வயிறு அதை உறிஞ்சவே இல்லை. அந்தக் குறைபாடு அணுக்களை உப்ப வைத்தது. அதன் மேல் வந்த தொற்று மற்றதையெல்லாம் கெடுத்தது. இரண்டும் சேர்ந்து அசல் குடிகாரன் ரத்தம் மாதிரி காட்டிவிட்டது.

"ஊசி போட்டா சரியாயிடும். தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

மோப்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தான் தப்பாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள் முதல் பக்கத்து மேசைக்கு அவரிடமிருந்து எந்தச் செய்தியும் போகவில்லை. பெரிய அணுவைக் கண்டால், 'காரணம் கண்டறியவும்' என்று அறிக்கையில் எழுதுவதோடு சரி.

மச்சினன் அறிக்கையில் எல்லாமே ஒழுங்காக இருந்தது. சில குடிகாரர்களுக்கு அப்படியும் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மோப்பம் அரைமணி நேரம் விளக்கினார். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"என் தம்பிய எவ்வளவு பேசியிருக்கீங்க! அவன் ரத்தம் தங்கமா இருக்கு பாருங்க."