இடது பக்கம் இழுத்த வண்டி

அக்காவுக்கு வண்டி ஓட்ட வராது என்று எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கப் பேச்சாகிவிட்டிருந்தது. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம். ஊரில் கட்டிய காகிதத் தோரணங்கள் மழையில் நனைந்து, சாயம் இறங்கி, இன்னும் கம்பங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. நாடே தன் வண்டியைத் தானே ஓட்டக் கிளம்பிவிட்டது, அக்காவுக்கு மட்டும் லைசென்ஸ் கிடைக்கவில்லை.

பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் அவள் ஆசிரியை. பஸ் முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். மீதித் தூரம் செம்மண் பாதையில் நடை. மழை நாளில் அவள் சேலையின் கீழ்ப்பாதி வேறு நிறத்தில் வீடு திரும்பும். அத்தானுக்கோ ஆபீஸ் சைக்கிளில் போகும் தூரம்தான். அவருடைய கார் வாரம் முழுக்க மாமரத்து நிழலில் படுத்துத் தூங்கும். படுத்துக்கிடக்கிற வண்டியை நான் ஓட்டுகிறேனே என்று அக்கா கேட்டாள். அத்தான் கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார்.

அவளுக்கு நான்தான் ஓட்டப் பழக்கினேன். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. எஞ்சின் சங்கதிகளைப் பழைய புத்தகங்களைப் பார்த்தும் பட்டறை வாசல்களில் நின்றும் கற்றுக்கொண்டிருந்தேன். அக்கா நன்றாகவே ஓட்டினாள். ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அந்த வாரமே டெஸ்டுக்குப் போனாள். அங்கேதான் மானம் போயிற்று. அதிகாரி நிறுத்தச் சொன்னதும் பிரேக்கை மிதித்தாள். வண்டி இடது பக்கம் திரும்பி, சாலையோரக் கால்வாயின் விளிம்பில் போய் நின்றது. எங்கள் ஊரில் அந்தக் கால்வாய்க்கு லோங்காங் என்று பெயர்.

அத்தான் சிரித்த சிரிப்பில் மாமரத்துக் காக்கை பறந்துவிட்டது. "ஸ்டியரிங்கப் புடிக்கச் சொன்னா கரண்டியப் புடிக்கிற மாதிரி புடிச்சிருப்பா" என்றார். "இன்னொரு தடவ போ. அதுலயும் போச்சுன்னா வண்டிப் பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது. பஸ்ஸு இருக்கு, காலு இருக்கு."

அன்று அக்கா வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

இரண்டாவது டெஸ்டுக்கு முந்தைய நாள் பள்ளி விடுமுறை. காலையில் அவளைப் பழக்குவதற்காகக் கிளேபாங் பக்கம் கூட்டிப்போனேன். கடலோரச் சாலை, ஆள் குறைவு. ஓர் இளநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். மிதித்தாள். வண்டி இடது பக்கம் திரும்பிக் கடைக்காரரைப் பார்த்து நடந்தது. அவர் அரிவாளைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்.

"நான் நேராத்தான்டா புடிச்சிருக்கேன்!" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. "என் கையப் பாரு, நேராத்தானே இருக்கு!"

கை நேராகத்தான் இருந்தது. எனக்கே அப்போதுதான் உறைத்தது. இடம் மாறி நான் உட்கார்ந்தேன். வெறிச்சோடிய இடமாகப் பார்த்து, மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு பிரேக்கை மிதித்தேன். வண்டி கூப்பிடாத விருந்தாளி மாதிரி இடது பக்கம் புகுந்தது.

"அக்கா, இது உன் கோளாறில்ல. வண்டிக் கோளாறு."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இன்னிக்கே சரி பண்ணு" என்றாள். பள்ளிக்கூடக் குரல் திரும்பி வந்துவிட்டது.

ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டுச் செட்டிப் பெரியவர் வழக்கம்போல வாசலில் நின்றார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வம்சம் என்பதால் அவருக்கு வீட்டிலும் வெளியிலும் மலாய்தான், சாமி கும்பிடும்போது மட்டும் கொஞ்சம் தமிழ் வரும். "என்ன, உங்க வண்டிக்கு லோங்காங்கிலே பெண் பார்த்திருக்கீங்களா, அங்கேயே போகுதே?" என்று மலாயில் கேட்டார். அக்காவே சிரித்துவிட்டாள்.

இடது பக்கம் இழுக்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்றுதான். இடது சக்கரம் அளவுக்கு மீறிப் பிடிக்கிறது, அல்லது வலது சக்கரம் பிடிக்கவே இல்லை. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினேன். அக்கா உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். இடது சக்கரம் இறுகி நின்றது, அது யோக்கியம். வலது சக்கரத்தைக் கையால் தள்ளினேன். அக்கா மிதித்துக்கொண்டிருக்கும்போதே அது சாவகாசமாகச் சுற்றியது.

"பிரேக் எண்ணெய் கசிஞ்சு உள்ள எறங்கியிருக்கும்" என்றேன். வலது சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மை இழுத்தேன். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் ஷூ இரண்டும் பளபளவென்று மின்னின. அவற்றில் ஒட்டிய உரசு பட்டையான லைனிங் மேல் கறுப்பாய்ப் பிசுக்கு. ஆனால் எண்ணெய் கசிய வேண்டிய சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நான் மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

அக்கா இறங்கி வந்து குனிந்தாள். மூக்கைச் சுருக்கினாள். விரலால் பிசுக்கைத் தொட்டு மறுபடி முகர்ந்தாள்.

"டேய், இது நல்லெண்ணெய்டா. நம்ம வீட்டு நல்லெண்ணெய்."

சரியாக அந்த நேரம் பார்த்து அத்தான் மதியச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வந்து இறங்கினார். பிரிந்து கிடந்த சக்கரத்தைப் பார்த்தார். அக்காவின் விரலைப் பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"என்னங்க, வண்டிக்குள்ள நல்லெண்ணெய் எப்டி வந்துச்சு?"

"அது... ஆயுத பூசையன்னிக்கு." அத்தான் தொண்டையைக் கனைத்தார். "அரிவாமனைக்கு எண்ணெ வச்சோம்ல? தையல் மெஷினுக்கு வச்சோம்ல? இந்தச் சக்கரம் ஒண்ணு பிரேக் போட்டா கிறீச்சுக் கிறீச்சுன்னு கத்திக்கிட்டிருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா கத்தக் கூடாதேன்னு சக்கரத்துல இருந்த ஓட்ட வழியா ரெண்டு கரண்டி எண்ணெ விட்டேன். அப்பறம் கத்தல லா!"

"எப்டிக் கத்தும்? வாயில எண்ணெ ஊத்தியாச்சே" என்றேன். "அத்தான், பிரேக்குன்னா உரசணும். உரசினாத்தான் நிக்கும். நீங்க அதுக்கு எண்ணெக் குளியல் போட்டுட்டீங்க."

"ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஏன்?" என்றாள் அக்கா.

"அதுதானே கத்துச்சு?"

அக்கா அவரையே பார்த்தாள். "கரண்டியப் புடிச்சது யாருங்க?" என்றாள் மெதுவாக. அத்தான் சட்டைக் கையை மடக்கத் தொடங்கினார்.

எண்ணெய் ஊறிய லைனிங்கை எத்தனை துடைத்தாலும் சூடேறினால் மறுபடி கசியும். மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி கோணும் என்பதால், இடது பக்கத்து ஷூக்களையும் கழற்றிச் சாக்கில் கட்டி, அத்தானின் சைக்கிளிலேயே டவுனுக்கு மிதித்தேன். எங்களூரில் மெக்கானிக்கைப் போமன் என்போம். தெரிந்த போமன் புது லைனிங் ஒட்டிய ஜோடிகளை எடுத்துக் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது அத்தான் ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, டிரம்மைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா மேலே நின்று, "இன்னும் வாசம் வருது, தேய்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் மாட்டும்போது என் விரல் நசுங்கியது. அதற்கும் சேர்த்து அவள் அத்தானைத்தான் முறைத்தாள்.

வெயில் தாழ வண்டியை எடுத்தாள். நான் பக்கத்தில், அத்தான் பின்சீட்டில். கோயில் வளைவைத் தாண்டி வேகமெடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் பிரேக்கை மிதித்தாள். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. அத்தானின் நெற்றி மட்டும் எங்கள் சீட்டின் முதுகில் மோதியது. "நல்லாப் புடிக்குது" என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

மறுநாள் டெஸ்டில் அதிகாரி நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். லோங்காங் தன் பாட்டுக்குக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா தோட்டத்துக்குக் காரில் கிளம்பினாள். சேலை மடிப்பு கலையவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று கைதட்டினார். அத்தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வழிவிட்டு நின்றார். அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"என்னங்க, நல்லெண்ணெ பாட்டில மேல் பலகையில வச்சிருக்கேன். தலைக்கு வேணும்னா எடுத்துக்குங்க. சைக்கிளுக்கு வேணாம்."