‘ங்க’ போடாத பாட்டு

எங்கள் கொங்கு நாட்டில் வேண்டாம் என்ற சொல்லுக்குச் செல்வாக்கு கிடையாது. விருந்துக்குப் போன இடத்தில் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு “வேண்டாங்க, வேண்டாங்க” என்று சொல்லிப் பாருங்கள், விரல் இடுக்கு வழியாக இன்னும் இரண்டு கரண்டி நெய் விழும். கேட்டவுடனே வாங்கிக்கொண்டால் அலைந்த பிறவி என்பார்கள். வேண்டாங்க என்றவனை அப்படியே விட்டுவிட்டால் கஞ்ச வீடு என்பார்கள். சொல்கிறவருக்கும் தெரியும் அது பொய் என்று, கேட்கிறவருக்கும் தெரியும். எங்கள் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினேழு வயதில் என்னை என் தாய்மாமனுக்குக் கட்டுவதென்று பேச்சு எழுந்தது. “வேண்டாங்கம்மா” என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே போய், பிள்ளை வெட்கப்படுகிறது என்று அப்பாவிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னேன். மறுநாளும் வெட்கப்பட்டதாகவே முடிவாயிற்று.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, கொப்பரை வியாபாரம். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் என் கஷ்டம். குடிகாரராக இருந்தால் குடிகாரர் என்று அழுதிருக்கலாம். இந்த மனிதர் என்னைத் தோளில் தூக்கி வைத்துக் கோயமுத்தூர்த் தேர் காட்டியவர். அன்று நான் அவர் சட்டையை நனைத்துவிட்ட கதையை எங்கள் வீட்டில் ஒவ்வொரு நோம்பிக்கும் பண்டிகைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சட்டைக்காரருக்கு நான் பெண்டாட்டியாவதை நினைத்தாலே உடம்பு கூசியது. இதை யாரிடம் எந்த வாயால் சொல்வது? தம்பிக்கு வெளியில் பெண் பார்க்கலாமே என்றால், “கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு யாராச்சு நெய்க்கு அலைவாங்களா?” என்பாள் அம்மா. வெண்ணெய்க்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று அந்தப் பழமொழியில் இல்லை.

எங்கள் தோட்டம் சூலூருக்கு அக்கட்டில், ஊரைத் தாண்டி இருந்தது. வீட்டை ஒட்டி, பருத்தி அரைத்துக் கொட்டை பிரிக்கும் அப்பாவின் கொட்டகை. வயதுக்கு வந்ததும் மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கிளுவை வேலிக்கு அந்தப்புறம் போகிற வண்டிகளின் மேல்பாதியைத்தான் நான் பார்த்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, அதட்டவில்லை. வாங்க கண்ணு, சாப்பிடுங்க கண்ணு என்று குழந்தைக்குக்கூட ‘ங்க’ போடுகிற வீடு. பஞ்சால் திரித்த கயிறும் கயிறுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மலையிலிருந்து மின்சாரம் இறங்கியதும் கோயமுத்தூரைச் சுற்றி மில்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு மில்லுக்கு எந்திரம் பூட்ட சுவீடன் தேசத்து எஞ்சினியர் ஒருவர் சம்சாரத்தோடு வந்தார். எங்கள் தோட்டத்துக் கோடியில் இருந்த ஓட்டு வீட்டை அப்பா அவர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஊரில் எல்லாரும் அவர்களை இங்கிலீஷ்காரர் என்றார்கள். அந்த அம்மாளுக்கு அது பிடிக்காது. சூலூர்க்காரியைப் பொள்ளாச்சிக்காரி என்று சொன்னால் உனக்குக் கோபம் வராதா என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்பாள். வீட்டில் எனக்கு மட்டும்தான் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், ஆகவே மோர் வாங்க வரும்போதெல்லாம் என்னைத் தேடுவாள்.

சித்திரை வெயிலுக்குப் பயந்து அவர்கள் நீலகிரிக்குக் கிளம்பினார்கள். போகும்போது தன் கிராமபோன் பெட்டியையும் ஓர் ஆல்பத்தையும் மூட்டை அடுக்கும் எங்கள் பருத்தி அறையில் வைத்துவிட்டுப் போனாள். ஓட்டு வீட்டுச் சூட்டில் இசைத்தட்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடுமாம். எங்கள் பருத்தி அறைக்கு இரண்டு முழக் கனத்தில் மண் சுவர், மேலே ஒரே ஒரு சாளரம். ஆல்பம் என்றதும் போட்டோக்கள் இருக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். தடித்த காகிதப் பைகளுக்குள் ஆறு தட்டுகள் இருந்தன.

கிளம்புவதற்கு முன் அந்த அம்மாள் பெட்டிக்குச் சாவி கொடுக்க எனக்குச் சொல்லித் தந்தாள். ஊசி மாற்றவும் சொல்லித் தந்தாள், ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. ஐந்து தட்டுகளில் பாடியிருப்பவள் தங்கள் ஊர்க்காரி என்றாள். அவளுக்கென்று புதுப் பாட்டு கிடையாது, ஊரே முணுமுணுக்கிற பாட்டுகளைத்தான் எடுத்துத் தன் இஷ்டத்துக்குப் பாடுவாளாம். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்றாள். ஆறாவது தட்டில் ஓர் ஆண்பிள்ளை, அவள் பாடியதில் ஒரு பாட்டை ஊர் பாடுகிறபடியே பாடியிருந்தான். இரண்டையும் கேட்டுப் பார், அப்போது புரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானங்களில் கேட்டேன். முதல் தட்டில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பியானோவில் கேட்ட இங்கிலீஷ் பாட்டு ஒன்று இருந்தது. பாதி வரைக்கும் அது அந்தப் பாட்டுதான் என்றே எனக்குத் தெரியவில்லை. நாதஸ்வரத்துக்குத் தங்கச்சி மாதிரி ஓர் ஊதல் முன்னால் ஓடியது. தாளமும் ஓடியது. இவள் மட்டும் அவசரமே இல்லாமல், முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் வருகிறவள் மாதிரி வந்தாள். தாளம் விட்டுவிட்டுப் போய்விடுமே என்று நான் பதறினேன், ஆனால் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

ஆண்பிள்ளை பாடிய அந்தப் பாட்டு அவள் குரலில் நாலாவது தட்டில் இருந்தது. பாஷை அவர்களுடையது, ஒரு சொல் விளங்கவில்லை. நடுவில் ஒரு வரியில் அவள் தெளிவாகச் சொன்னாள்: “வேண்டா போ.”

நான் ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். வேண்டா போ. பின்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு ‘மே’ இழுவை, அது கிடக்கட்டும். ஆண்பிள்ளையின் தட்டைப் போட்டேன். அவனும் அதே வரியைத்தான் பாடினான், ஆனால் கைகட்டி நின்று ‘ங்க’ போட்டுக் கெஞ்சுகிறவன் மாதிரி பாடினான். இவள் ‘ங்க’ போடவில்லை. சிரித்துக்கொண்டே, யாரோ ஒருவனின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். எங்கள் ஜில்லாவில் ஒரு பெண்பிள்ளை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த இருட்டறையில் பருத்தி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் புத்தி, பெட்டியில் அவள் என்ன சொல்கிறாள் என்று அம்மாவும் பெரியம்மாவும் கேட்டபோது சொல்லிவிட்டேன். இருவரும் காதை வைத்துக் கேட்டார்கள். வெள்ளைக்காரிக்கு நம் பேச்சு எப்படித் தெரிந்தது என்று பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாரத்தில் அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. காப்பி வேண்டுமா என்றால் அம்மா “வேண்டா போ, மே” என்பாள். பருத்தி எடுக்க வருகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சொன்னார்கள். அப்பாகூடத் தரகரிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கென்று கிடைத்த ஒரே ஒரு சொல்லை இவர்கள் கிலுகிலுப்பை ஆக்கிவிட்டார்கள். இனி நான் எப்படிச் சொன்னாலும் அது வேடிக்கைதான் என்று நினைத்தபோது அறையின் சுவர் இன்னும் ஒரு முழம் கனத்தது மாதிரி இருந்தது.

வைகாசியில் மாமா வந்தார். சாப்பாடு முடிந்ததும் அந்த அதிசயத் தட்டைத் தம்பிக்குப் போட்டுக் காட்டு என்றாள் அம்மா. பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சாவி கொடுத்தேன். பெண்கள் எல்லாரும் அந்த வரி எப்போது வரும் என்று வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்கள். அது வருவதற்குச் சற்று முன்னால் ஊசியைத் தூக்கிவிட்டேன். மாமாவின் முகத்தைப் பார்த்து நானே சொன்னேன். “வேண்டா போ.”

கூடம் சிரித்து உருண்டது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. அவர் பொள்ளாச்சியில் இருந்தவர், எங்கள் வீட்டு வேடிக்கை அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் என் சொல்லைச் சொல்லாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

“நெசமாச் சொல்றியா கண்ணு?” என்றார்.

அது பாட்டுங்க தம்பி என்று அம்மா குறுக்கே வந்தாள். மாமா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். ஆவணியில் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்வதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சர்க்கரையும் கொண்டுவந்து மாற்றிவிட்டால் எங்களில் கல்யாணம் முடிந்த மாதிரிதான், அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது.

“ஆவணில வாரேன்,” என்றார் மாமா. “மாத்தறதுக்கு முன்னால ஒருக்கா உன்னையக் கேக்கறேன். வேண்டான்னா வேண்டாந்தான். உப்பத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன், ஒருத்தரும் ஒண்ணும் பேசப் படாது.”

அந்த நாட்களில் நான் இருந்த மாதிரி என் ஆயுசில் பிறகு இருந்ததில்லை. கன்றுக்குட்டியிடம் வேண்டா என்று சொல்லிப் பழகினேன். கிணற்றுக்குள் குனிந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்த ‘ங்க’ நாக்கின் நுனி வரைக்கும் வரும், கடித்து நிறுத்துவேன். மத்தியானமானால் நாலாவது தட்டு. அவள் சொல்லும்போது நானும் கூடவே சொல்வேன், அவள் மாதிரியே தாளத்தைப் போகவிட்டு, கொஞ்சம் பிந்தி. எனக்குத் துணையாக ஒருத்தி நிற்கிறாள் என்று நம்பினேன்.

ஆனி கடைசியில் எஞ்சினியர் வீட்டம்மாள் மலையிலிருந்து இறங்கினாள். மில் வேலை முடிந்துவிட்டது, ஊருக்குத் திரும்புகிறோம் என்று பெட்டியை வாங்க வந்தாள். எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டாள். நாலாவது தட்டைச் சொல்லி, அந்த வரிக்கு எங்கள் பாஷையில் இன்ன அர்த்தம் என்று பெருமையாக விளக்கினேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த வரிக்கு அர்த்தம், எனக்காகக் காத்திரு என்பதாம்.

நான் நம்பவில்லை. ஆண்பிள்ளை அப்படிக் கெஞ்சுகிறான் சரி, இவளுமா என்று கேட்டேன். இவளும்தான், ஒரே பாட்டுதானே என்றாள். அப்படியானால் ஏன் சிரித்துக்கொண்டு பாடுகிறாள் என்று கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். அவன் காத்திருக்கமாட்டான் என்று தெரிந்தே கேட்கிறாள், அதனால்தான் சிரிப்பு, மற்றவர்கள் பாடுவதற்கும் இவள் பாடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்றாள். ஆல்பத்தை இடுக்கிக்கொண்டு என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பருத்தி அறையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக இருந்தது. இத்தனை நாள் எனக்குப் பின்னால் நிற்பதாக நினைத்தவள், யாருடைய வாசலிலோ நின்று காத்திரு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஆவணியில் மாமா சொன்ன மாதிரியே வந்தார். பெரியவர்கள் கூடத்தில் சீர்த் தட்டுகளோடு உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் பருத்தி அறை வாசலுக்கு வந்தார். சவரம் செய்த கன்னத்தில் ஒரு வெட்டு, அதில் பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டையில் கஞ்சி மடிப்பு விறைத்து நின்றது.

“கேக்கறேன்னு சொன்னேன்ல கண்ணு. என்னைய வேண்டாமா?”

வேண்டா என்றேன். அது சரியாக, உறுதியாகத்தான் வந்தது. அப்போது அவர் கையைப் பார்த்தேன். அது அந்தக் கஞ்சி மடிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தது. என்னைத் தோளில் தூக்கிப் பிடித்த கை. எனக்குப் பின்னால் ஒருத்தியும் இல்லை, வெறும் மூட்டைகள்தான். பழகிய நாக்கு அல்லவா, மனசைக் கேட்காமல் அதுவே போய் ஒட்டிக்கொண்டது.

“வேண்டா...ங்க.”

மாமாவின் முகம் மலர்ந்தது. திரும்பிக் கூடத்துக்குப் போனார். உப்பு மாற்றுகிற சத்தமும் பெண்கள் குலவையும் கேட்டன. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், இன்னும் நேரம் இருந்தது. ஓடவில்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது, என்னைத் தவிர.

தையில் கல்யாணம். முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு இருந்தேன். நல்ல மனிதர், அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். நான் ஒருநாளும் அந்த வீட்டில் என் வீடு என்று நினைத்து உட்கார்ந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் மகள் கல்யாணம் முடிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டே பழைய கதை பேசினார். அந்த வெள்ளைக்காரிப் பாட்டை நீ சொன்ன பிறகு ஆவணி வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை, தெரியுமா என்றார்.

“ஆவணில கேட்டப்ப ‘ங்க’ போட்டே பாரு. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. நெசமா வேண்டான்னா அத்தன மரியாதையாச் சொல்லுவாங்களா?”

நான் கையில் நெய்க்கிண்ணத்தோடு நின்றேன். அவர் இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

“போதுங் கண்ணு. வயிறு சரியில்ல. நெசமாவே வேண்டா.”

விரல் இடுக்கைப் பார்த்து இரண்டு கரண்டி ஊற்றினேன்.