அட்டையில் வர வேண்டிய முகம்

அற்புதம் டீச்சருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று கோயமுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அவர் கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டுப் போவார்கள். போத்தனூர் ரயில்வேக்காரரின் மகள். மழையோ வெயிலோ, குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் எழுதிய சிறுகதைகளை அவர் தமிழாக்கினார். துணி வெளுக்கிறவள், பருத்தி பறிக்கிறவள், எஜமானியிடம் ஏச்சு வாங்குகிறவள் என்று எல்லாம் பாடுபடும் பெண்களின் கதைகள். 1934இல் புத்தகம் வந்தது. அச்சாபீஸ் நடத்திய ஞானாபரணம் தங்கமான மனிதர்தான், ஆனால் எதையும் வீணாக்க மாட்டார். மிஷன் பத்திரிகைக்காக எப்போதோ செய்த ஒரு வெள்ளைக்கார அம்மாளின் படம் அச்சடிக்கும் பிளாக் சும்மா கிடந்தது. அமெரிக்கக்காரிதானே என்று அதையே அட்டையில் ஏற்றிவிட்டார். டீச்சர் பார்ப்பதற்குள் எல்லாம் அச்சாகி முடிந்திருந்தது.

ஞாயிறு மதியங்களில் பீளமேட்டில் மில்காரர்கள் குடியிருந்த மில் லைனில் பெண்களுக்கு அந்தக் கதைகளை டீச்சர் வாசித்துக் காட்டுவார். பஞ்சு மில்லில் வேலை செய்த பழனாத்தாள் கேட்டுக் கேட்டு அழுவாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் முந்தானையை விரித்துத்தான் வாங்குவாள்.

"தொரசாணி படமுங்க. அழுக்காயிப்போகும். ஏனுங்க டீச்சரம்மா, இந்தத் தொரசாணிக்கு நம்ம சங்கடமெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"எழுதினது அவங்க இல்லீங்க. எழுதினவங்க நம்மளாட்டக் கறுப்புங்க."

"படம் போட்டிருக்குதல்லங்க," என்றாள் பழனாத்தாள். அதற்கு மேல் அவள் நம்பத் தயாராக இல்லை. ஒருத்தி கஷ்டப்பட்டு எழுதியதை இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று டீச்சருக்கு மனசே ஆறவில்லை.

மூன்று வருஷம் கழித்து மறுபதிப்புப் பேச்சு வந்தது. டீச்சர் இங்கிலீஷ் புத்தகத்தோடு அச்சாபீசுக்குப் போய், ஆசிரியையின் படம் இருந்த பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த முகந்தான் அட்டையில வரோணும்."

ஞானாபரணம் தயங்கினார். "கறுப்பு முகத்தைப் போட்டா யாருங்க வாங்குவாங்க?"

டீச்சர் சுவரைப் பார்த்தார். கோட்டும் டையுமாக ஞானாபரணத்தின் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. ஆள் நல்ல கருவல்.

"உங்க படத்தப் பாத்துப்போட்டு யாராச்சும் வாசலோட திரும்பிப் போனாங்களாங்க? இந்த முகம் இல்லீன்னா மறுபதிப்பே வேண்டாமுங்க. நான் வாரேன்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவரை ஞானாபரணம் சிரித்துக்கொண்டே கூப்பிட்டு உட்காரவைத்தார். மெட்ராசிலிருந்து புது பிளாக் வந்தது.

அடுத்த ஞாயிறே டீச்சர் புதுப் புத்தகத்தோடு மில் லைனுக்குப் போனார். பழனாத்தாள் முந்தானையை விரிக்க மறந்து, வெறுங்கையில் வாங்கினாள். விரலால் அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தம்மா எந்த மில்லுங்க?"

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், இந்தக் கதைகளை எழுதியவர் இவர்தான் என்றார்.

"அதானே பாத்தேன்," என்றாள் பழனாத்தாள். "இந்தப் பக்கம் வந்தா நம்மூட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. சோறாக்கிப் போடறேன்."