காற்றில் விழுந்த ஆக்கி

"ஒண்ணுகூட இன்னும் மனசு வைக்கலியே" என்று மரத்தை வைதுகொண்டே அண்ணாந்து பார்ப்பாள் பக்கத்து வீட்டு மிஸ் லுனெட். சிவந்து தொங்கும் ஆக்கிக் காய், தானாக வெடித்துக் கறுப்பு விதைகளையும் மஞ்சள் சுளைகளையும் காட்டும்வரை அவள் தொடமாட்டாள். மூடியிருக்கும் காய் ஆளைக் கொல்லும். எங்கள் ஜமைக்காவில் இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் இவள் அளவுக்குப் பயப்படுகிறவரை நான் பார்த்ததில்லை. சந்தையில் வெடித்த காயை நீட்டினாலும், "எவன் கத்தி வெச்சுப் பொளந்தானோ" என்று ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். காய் வேகவைத்த தண்ணீரைக் கோழிகள் போகாத மூலையில் கொட்டுவாள். மற்றபடி மரத்தோடு சண்டையில்லை. தலைவலித்தால் அதன் இலைதான் நெற்றியில். வேலிக்கம்பமும் ஆக்கிக் கட்டைதான்; கரையான் அண்டாதாம்.

என் மனைவி இறந்தபிறகு ஞாயிறு காலைச் சாப்பாடு எனக்கு மிஸ் லுனெட் வீட்டில். கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் எங்கள் ஊருக்கு அவள் மிஸ்தான். சென்ற ஞாயிறு அவள் தேவாலயத்திலிருந்து திரும்புமுன், கணவர் எகர்டன் தானே சமைத்துவிட்டார். உப்புக் கருவாட்டோடு ஆக்கி. வாசனை ஆளைத் தூக்கியது. முள்கரண்டியை எடுத்தேன்.

"இருய்யா, அவ வரட்டும். கல்யாணமானதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை அவ இல்லாம நான் வாய் வெச்சதில்ல."

வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"காலைல ஒண்ணுகூட வெடிக்கலியே. இது எங்கேர்ந்து வந்துது?"

"ராத்திரிக் காத்துல கொல்லைக்கோடில விழுந்து கிடந்துது, செல்லம். எல்லாம் பொளந்துதான் கிடந்துது."

"அது பொளந்ததில்ல, மண்டை உடைஞ்சது! மூடின காய் அவ்வளவு ஒசரத்துலேர்ந்து விழுந்தா வேற என்ன ஆகும்? தின்னியா?"

"இல்ல."

"இவரு?"

"அவசரப்பட்டாரு. நான்தான் நிறுத்தி வெச்சேன்."

"உப்பு பாத்தியா? ஒரு துளி? நெசத்தச் சொல்லு கிழவா!"

"உப்பு பாக்கற பழக்கம் இருந்தா என் சமையல் ஏன் இப்படி இருக்கு?"

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். உடனே சிரிப்பும் வந்தது. மனைவி போனபின் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

அவள் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கிப் போய்க் கொல்லையில் குழிதோண்டி, கருவாட்டோடு சேர்த்துப் புதைத்தாள். "நல்ல மீனு" என்று எகர்டன் முனகினார்.

"உன்னையும் சேத்துப் பொதைச்சிருப்பாங்க" என்றாள். குரல் பாதியில் உடைந்தது.

கைகழுவி வந்து ரொட்டி அறுத்து வெண்ணெய் தடவினாள். என் பங்கைத் தட்டில் வைத்தாள். அவருக்கு மட்டும் பிய்த்துப் பிய்த்து வாயில் ஊட்டினாள். மற்றொரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தது.